எட்டாவது சுற்றில் நின்ற மிஷின்

துணியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. மயிரிழை அகலம்தான், ஆனால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ரோல் முழுக்க ஓடுவது தெரிந்தது. திருப்பூர் 15 வேலம்பாளையம் பக்கம் ஒரு நிட்டிங் யூனிட். வட்டப் பின்னல் மிஷினுக்கு அடியில் குனிந்து அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார் ஃபிட்டர்.

"நீடில் லைனுங்களாண்ணா?" என்றேன், தெரிந்த வார்த்தையைக் காட்டிக்கொள்ளும் ஆசையில்.

"நீடிலாவும் இருக்கலாம், சிங்க்கராவும் இருக்கலாம். துணியப் பாத்து எப்படிங் தம்பி சொல்றது? ரெண்டுலயும் கோடு ஒரே மாதிரித்தான் வரும். உள்ள பாத்தாத்தான் தெரியும்." (சிங்க்கர் என்பது ஊசிகளுக்கு நடுவே கண்ணியைப் பிடித்துக்கொள்ளும் மெல்லிய தகடு.)

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இன்ச்சிங் பட்டனைத் தொட்டார். நிமிடத்துக்கு 25 சுற்று ஓடுகிற சிலிண்டர் அங்குலம் நகர்ந்து நின்றது. பார்த்தார். மறுபடி ஒரு தொடல், மறுபடி ஒரு அங்குலம். ஊசி மேலே ஏறுகிறது, கொக்கியின் தாழ் திறக்கிறது, நூலைப் பிடிக்கிறது, இறங்குகிறது. ஓடும்போது கண்ணுக்கு வெறும் மினுமினுப்பாகத் தெரிவது, பட்டனைத் தொட்டுத் தொட்டு நகர்த்தினால் ஒவ்வொரு அசைவாகப் பிரிந்து நிற்கிறது. பத்து நிமிடத்தில் தாழ் வளைந்த ஊசி ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

மைக்ரோகன்ட்ரோலர் என்கிற சிப்புக்கு, அதுவும் பழைய வகைக்கு, இப்படி ஓர் இன்ச்சிங் பட்டன் கிடையாது. ஒரு விநாடிக்குப் பத்து லட்சம் அடி எடுத்து வைக்கிற பொருளின் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வழியும் இல்லை. அந்தப் பட்டனுக்காகத்தான் சிமுலேட்டர் என்று ஒன்றை எழுதினார்கள். அது எனக்குப் புரிந்த கதையில் அதே மிஷின்தான் வருகிறது.

அதற்கு முன் ஊசியைப் பற்றி இன்னும் கொஞ்சம். நெசவையும் கணினியையும் முடிச்சுப் போடுகிறவர்கள் எல்லாரும் ஜாக்கார்டு தறியின் துளை அட்டையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. திருப்பூர் பின்னல் ஊர், நெசவு ஊர் அல்ல. பின்னலில் அட்டை இல்லாமலே ஓர் அருமையான சங்கதி இருக்கிறது. ஊசிக்குத் தெரிந்தது மொத்தம் மூன்றே வேலை. முழுக்க ஏறி நூலைப் பிடித்துப் பழைய கண்ணியைக் கழற்றிவிடுவது நிட். பாதி ஏறி, பழைய கண்ணியைக் கழற்றாமலே புது நூலையும் சேர்த்து வைத்துக்கொள்வது டக். ஏறாமலே சும்மா இருந்துவிடுவது மிஸ். சிங்கிள் ஜெர்சி, பிக்கே, நீங்கள் போட்டிருக்கும் காலர் வைத்த டி-ஷர்ட்டின் தேன்கூட்டுத் துணி, எல்லாமே இந்த மூன்றை எந்த ஊசிக்கு எந்தச் சுற்றில் சொல்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. ஊசியின் அடிப்பாகம் எந்தக் கேம் மீது ஏறி இறங்குகிறதோ, அதுதான் அதற்கு வந்த உத்தரவு. டிசைன் மாற்ற வேண்டுமென்றால் ஃபிட்டர் கேம்களைக் கழற்றி வேறு வரிசையில் மாட்டுகிறார்.

சிப்பும் அப்படித்தான். அதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய வகை வேலைகள்தான் தெரியும். ஒரு எண்ணை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும், கூட்டும், கழிக்கும், ஒப்பிடும், ஒப்பிட்டதைப் பார்த்து வேறு வரிக்குத் தாவும். இன்டெல் 1980-இல் வெளியிட்ட 8051 சிப்பில், ஒரு பைட்டில் எழுதக்கூடிய 256 எண்களில் 255 எண்கள் ஏதாவது ஓர் உத்தரவைக் குறிக்கின்றன. மிச்சமிருக்கும் ஒன்றுக்கு அர்த்தம் கிடையாது. பதினாறின் அடிமானத்தில் எழுதினால், 74 என்று சிப் படித்தால் "அடுத்து வரும் எண்ணை ஏ-யில் போடு" என்று பொருள். 24 என்றால் "அடுத்து வரும் எண்ணை ஏ-யோடு கூட்டு". ஆக 74, 05, 24, 03 என்று நான்கு எண்களை வரிசையாக வைத்தால் ஏ-யில் 8 வந்து உட்காரும். மனிதர்கள் 74, 24 என்று மனப்பாடம் செய்யச் சிரமப்படுவார்கள் என்பதால் அவற்றுக்கு மூவ், ஆட் என்று செல்லப்பெயர் வைத்தார்கள். அந்தச் செல்லப்பெயர்களால் எழுதுவதுதான் அசெம்பிளி.

ஏ என்பது ஒரு ரிஜிஸ்டர். பாடப்புத்தகத்தில் பதிவகம் என்று இருக்கும். ஸ்டிச்சிங் செக்‌ஷனில் நடந்து பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஹாலின் மூலையில் கட்டிங் பீஸ் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும், ஆனால் தைப்பது டெய்லரின் மிஷினில் ஊசிக்கு அடியில் இருக்கும் பீஸை மட்டும்தான். பக்கத்தில் கைமடி நிற்கும் பெண் அடுத்த பீஸை எடுத்துக் கொடுக்கிறார், தைத்ததை வாங்கி வைக்கிறார். ஏ என்பது ஊசிக்கு அடியில் இருக்கும் அந்த இடம். கூட்டல் கழித்தல் எல்லாம் அங்கேதான் நடக்கும். ஆர்0 முதல் ஆர்7 வரை எட்டு ரிஜிஸ்டர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தட்டுகள். மெமரி மூலையில் இருக்கும் அடுக்கு. 8051-இல் அந்த அடுக்கும் மிகச் சின்னது, வெறும் 128 பைட். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுதினால் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் பிடிக்கும். அப்படியென்றால் அதில் 42 குறிகளுக்கு மேல் இடமில்லை, நான்காவது "காலை வணக்கம்" எழுத இடம் போதாது. இந்த இத்தனூண்டு இடத்தை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க எத்தனையோ மிஷின்களை ஓட்டிவிட்டார்கள்.

இனி மிஷினுக்கு வருவோம். 30 அங்குல விட்டம், 24 கேஜ், அதாவது அங்குலத்துக்கு 24 ஊசி. விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி, 24-ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 2260 ஊசிகள். 90 ஃபீடர், அதாவது நூல் உள்ளே வரும் 90 இடங்கள். ஒரு சுற்று சுற்றினால் 90 வரிசை துணி. 30ஸ் நூல், ஒரு கண்ணிக்கு 2.8 மில்லிமீட்டர் நூல் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 570 மீட்டர் நூல் உள்ளே போகிறது. எடை 11 கிராம் சில்லறை. 20 கிலோ ரோல் வேண்டுமென்றால் 1800 சுற்று. நிமிடத்துக்கு 25 சுற்று வீதம் 72 நிமிடம். 1800 ஆனதும் மிஷின் தானாக நிற்க வேண்டும், ஆபரேட்டர் வந்து ரோலை அறுத்து எடுப்பார். அந்த எண்ணிக்கையை வைத்திருப்பது ஒரு சின்ன டப்பா. அந்த யூனிட்டில் அது செத்துப்போயிருந்தது.

"எண்ணித்தான காட்டணும், நான் செஞ்சு தர்றனுங்ண்ணா" என்று வாயைக் கொடுத்தேன். 8051 குடும்பத்துச் சிப் ஒன்று, ஒரு ரிலே, ஒரு சிவப்பு எல்இடி. டிஸ்ப்ளே எல்லாம் வைக்கவில்லை. மிஷினில் ஏற்கெனவே இருந்த சென்சார், சுற்றுக்கு ஒருமுறை ஒரு பல்ஸ் கொடுக்கும்.

8051-இன் ஒரு ரிஜிஸ்டர் 8 பிட். 0 முதல் 255 வரைதான் கொள்ளும், 256-ஆவது வந்தால் மறுபடி 0. கல்யாண வீட்டில் மொய் எழுதும் நோட்டில் பக்கம் நிரம்பினால் அடுத்த பக்கம் போவதுபோல, 1800-ஐ இரண்டு ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். 1800 என்பது 7 முழு 256-களும் மிச்சம் 8-ம். ஆக ஆர்7-இல் 7, ஆர்6-இல் 8 வந்தால் நிறுத்து. முதல் நாள் ஆர்6-ஐ மட்டும் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று எழுதினேன். ஆர்7-ஐப் பிறகு சேர்க்க நினைத்தவன் சேர்க்காமலே சிப்பில் ஏற்றிக் கொண்டுபோய் மாட்டிவிட்டேன். மிஷின் எட்டாவது சுற்றில் நின்றது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

இரவே திருத்தினேன். சுற்றுக்கு ஒருமுறை ஓடும் பகுதி இப்படி இருந்தது:

இன்க் ஆர்6
ஜேஎன்சி தாண்டு
இன்க் ஆர்7
தாண்டு: சிஜேஎன்இ ஆர்7, #7, காத்திரு
சிஜேஎன்இ ஆர்6, #8, காத்திரு

இன்க் என்றால் ஒன்று கூட்டு. கூட்டும்போது 255 தாண்டி வழிந்தால் கேரி என்கிற ஒரு பிட் 1 ஆகும் என்று நினைத்தேன். ஜேஎன்சி, கேரி 0 என்றால் அடுத்த வரியைத் தாண்டிப் போகச் சொல்கிறது. 1 என்றால் ஆர்7-இலும் ஒன்று கூடும். சிஜேஎன்இ ஒப்பிடும், சமம் இல்லையென்றால் "காத்திரு" என்ற வரிக்குப் போய் அடுத்த பல்ஸுக்குக் காத்திருக்கும். இரண்டும் சமமானால் ரிலே விழுந்து மிஷின் நிற்கும். தமிழிலேயே படித்தாலும் சரியாகத்தானே இருக்கிறது?

மறுநாள் மிஷின் ஓடியது. எட்டாவது சுற்றில் நின்றது.

"ஏந்தம்பி, பழைய புரோகிராமே மறுபடியும் ஏத்திட்டு வந்துட்டீங்களா?" என்றார் ஃபிட்டர். நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்குப் போய் மறுபடி ஏற்றினேன். மறுபடி எட்டு. சிப்பை மாற்றினேன். எட்டு. வெளியில் இருந்து பார்க்கிறவனுக்குக் கிடைக்கிற தகவல் அந்த ஒரு எண் மட்டும்தான். அது முந்தின நாள் கிடைத்த அதே எண். காரணமும் முந்தின நாள் காரணம்தான் என்று மனம் பிடிவாதமாக நம்பியது.

நம் ஊர் கல்லூரிகளில் மைக்ரோபிராசசர் லேபில் படித்தவர்களுக்கு ட்ரெய்னர் கிட் ஞாபகம் இருக்கும். ஒரு போர்டு, சின்னச் சிவப்பு எழுத்துத் திரை, எண்களை ஒவ்வொன்றாக அமுக்கி ஏற்ற ஒரு கீபேட். நான்கைந்து பேருக்கு ஒரு கிட். நடுவில் ஓர் எண் தப்பினால் முடிவில் வேறு ஏதோ வரும். ஏன் என்று கேட்டால் பக்கத்து பெஞ்சுக்காரன் நோட்டைப் பார்த்துக்கொள்வது வழக்கம். அந்தக் கிட்களில் இருக்கும் 8085 சிப்புக்கு லினக்ஸில் உருப்படியான சிமுலேட்டர் ஒன்றும் இல்லையே என்று 2003-இல் ஸ்ரீதர் ரத்னகுமார் உட்கார்ந்து எழுதியதுதான் ஜிஎன்யுசிம்8085. திறந்த மூல நிரல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பின்னால் ஆஞ்சன் ரங்கநாதன், ஓங்கார் ஷிண்டே ஆகியோர் அதைப் பராமரித்தார்கள். கிட்டுக்காக வரிசையில் நிற்காமல் விடுதி அறையிலேயே ரிஜிஸ்டர்களைப் பார்க்க மாணவர்களுக்கு அது வழிவிட்டது. லேப் மார்க்கைவிட அது பெரிய காரியம் என்பது என் அபிப்பிராயம்.

எனக்கு வேண்டியது 8051-க்கு. ஜேம்ஸ் ராஜர்ஸ் என்பவர் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என்றே எழுதிய எட்சிம்51 இலவசமாகக் கிடைக்கிறது. திரையில் ஒரு பக்கம் நம் நிரல். இன்னொரு பக்கம் ஏ, பி, ஆர்0 முதல் ஆர்7 எல்லாம் பெட்டி பெட்டியாக. கீழே எல்இடி, சுவிட்ச், கீபேட், ஒரு குட்டி மோட்டார்கூட உண்டு. எனக்கு அதிர்ஷ்டம், அந்த மோட்டார் சுற்றுக்கு ஒரு பல்ஸை சிப்பின் ஒரு காலுக்குக் கொடுக்கிறது. 2260 ஊசி மிஷினுக்குப் பதில் விரல்நுனி அளவு ஒரு படம், ஆனால் சிப்புக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்குத் தெரிந்தது ஒரு காலில் 0 வருகிறதா 1 வருகிறதா என்பது மட்டும்.

சிமுலேட்டர் என்பது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. அதுவும் ஒரு நிரல்தான். 74 என்று படித்தால், ஏ என்று பெயரிட்ட ஒரு பெட்டியில் அடுத்த எண்ணை எழுதுகிறது, 24 என்றால் கூட்டி எழுதுகிறது. சிப்பின் கையேட்டில் ஒவ்வொரு உத்தரவும் எதை மாற்றும் என்று எழுதியிருப்பதை ஒரு வரி விடாமல் செய்து காட்டுகிறது. 1975-இல் பால் ஆலனும் பில் கேட்ஸும் ஆல்டேர் கணினிக்கு பேசிக் மொழியை எழுதியபோது அவர்கள் கையில் ஆல்டேரே இல்லை. ஹார்வர்டின் பெரிய கணினிமேல் இன்டெல் 8080-ஐப் போல நடிக்கும் ஒரு நிரலை ஆலன் எழுதினார், பேசிக் அதன்மேல் ஓடிப் பழகியது. ஆல்புகர்க்கிக்கு விமானத்தில் போகும்போதுதான், நாடாவிலிருந்து பேசிக்கை உள்ளே ஏற்றும் சின்ன நிரலை எழுதவே இல்லை என்பது ஆலனுக்கு உறைத்தது. விமானத்திலேயே காகிதத்தில் எழுதினார். இறங்கிப் போய் நிஜ மிஷினில் ஏற்றினால், ஓடியது. தொடாத மிஷினுக்கு எழுதி, தொட்ட அன்றே ஓடவைத்திருக்கிறார்கள்.

என் ஐந்து வரிகளுக்குத் திரும்புவோம். ஸ்டெப் பட்டனை அமுக்கினால் ஓர் உத்தரவு ஓடி நிற்கும். இன்ச்சிங்.

ஒன்றாவது சுற்று. இன்க் ஆர்6. ஆர்6 பெட்டியில் 1. கேரி 0. சரி. ஜேஎன்சி தாண்டியது. சிஜேஎன்இ ஆர்7, #7. ஆர்7-இல் 0, சமமில்லை, காத்திருக்கப் போனது. எல்லாம் நினைத்தபடி.

போகிற போக்கில் ஏதோ மாறியதுபோல் இருந்தது. உற்றுப் பார்த்தேன். கேரி பிட் 1.

யார் போட்டது? எதுவும் வழியவில்லையே. 0-இலிருந்து 1-தான் ஆகியிருக்கிறது. அடுத்த ஸ்டெப். இரண்டாவது சுற்று. இன்க் ஆர்6, ஆர்6-இல் 2. கேரி அப்படியே 1. ஜேஎன்சி தாண்டவில்லை. இன்க் ஆர்7. ஆர்7-இல் 1! மூன்றாவது சுற்று, ஆர்6-இல் 3, ஆர்7-இல் 2. நான்காவது, 4, 3. பட்டனில் இருந்த கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே போனேன். எட்டாவது சுற்றில் ஆர்6 = 8, ஆர்7 = 7. இரண்டும் சமம். மோட்டார் நின்றது.

கையேட்டைப் புரட்டினேன். இரண்டு வரிகள் காத்திருந்தன. ஒன்று, இன்க் கேரியைத் தொடவே தொடாது. 255-இலிருந்து 0-க்கு உருண்டாலும் தொடாது. இரண்டு, சிஜேஎன்இ ஒப்பிடும்போது முதல் எண் சின்னதாக இருந்தால் கேரியை 1 ஆக்கிவிட்டுப் போகும். ஆர்7 ஏழைவிடச் சின்னதாக இருக்கும்வரை ஒவ்வொரு சுற்றிலும் கேரி 1. அந்த 1-ஐப் பார்த்து, வழிந்துவிட்டது என்று நம்பி, அடுத்த சுற்றில் ஜேஎன்சி ஆர்7-ஐ ஏற்றிவிடும். முதல் நாள் எட்டில் நின்றதற்குக் காரணம் ஆர்7-ஐப் பார்க்காதது. இரண்டாம் நாள் எட்டில் நின்றதற்குக் காரணம் ஆர்7 ஓடோடி வந்து ஏழில் நின்றது. 1800 என்ற எண் 7, 8 என்று பிரிந்ததால் வந்த வினை. 2000 சுற்று கேட்டிருந்தால் முதல் பிழையில் மிஷின் 208-ஆவது சுற்றில் நின்றிருக்கும், இரண்டாவதில் நின்றே இருக்காது, நானும் சிப்பை மாற்றிக்கொண்டிருக்க மாட்டேன். ஃபிட்டர் சொன்னது எவ்வளவு சரி. கோடு ஒரே மாதிரித்தான் வரும்.

புத்தகத்தில் இது எழுதியிருக்கவில்லையா? இருந்தது. நான் படித்தும் இருக்கிறேன். "பாதிக்கப்படும் பிட்டுகள்: எதுவுமில்லை" என்ற வரியைப் படிப்பதும், அந்த எதுவுமில்லாமையைத் திரையில் பார்ப்பதும் வேறு வேறு. படித்தது பரீட்சையோடு போனது. பார்த்தது போகவில்லை.

திருத்தம் இப்படி. ஆர்6-ஐ ஏ-க்குக் கொண்டுவந்து, இன்க்குக்குப் பதில் ஆட் ஏ, #1. ஆட் கேரியை ஒழுங்காக எழுதும், வழிந்தால் 1, இல்லையென்றால் 0. விடையை ஆர்6-இல் திருப்பி வை. மூவ் கேரியைத் தொடாது. பிறகு ஆர்7-ஐ ஏ-க்குக் கொண்டுவந்து 0-ஐயும் கேரியையும் சேர்த்துக் கூட்டு. இந்தக் கேரியோடு கூட்டும் உத்தரவின் பெயரைத் தமிழில் எழுதினால் "ஆட்சி" என்று வருகிறது. கீழே இருப்பவர்களிடம் வழிந்ததை மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குப் பொருத்தமான பெயர்தான், மேலே பேச வேண்டாம்.

சோதிக்க 1800 சுற்றும் ஓட்ட வேண்டியதில்லை. சிமுலேட்டரில் ரிஜிஸ்டர் பெட்டிக்குள் நாமே எண்ணை எழுதலாம். ஆர்7-இல் 6, ஆர்6-இல் 254 என்று போட்டேன். அதாவது 1790 சுற்று ஓடி முடிந்ததாகப் பாவனை. ஸ்டெப். 255. ஸ்டெப். ஆர்6-இல் 0, கேரி 1. ஆட்சி. ஆர்7-இல் 7. இன்னும் எட்டு சுற்று, மோட்டார் நின்றது. அப்படியே மெமரிக் கட்டத்தைப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆர்7 மாறும்போதெல்லாம் மெமரியின் 07-ஆம் கட்டமும் கூடவே மாறியது. ஆர்6 மாறினால் 06-ஆம் கட்டம். தட்டு வேறு, அடுக்கு வேறு என்று மேலே சொன்னேனே, 8051-இல் அது பாதிதான் உண்மை. ஆர்0 முதல் ஆர்7 வரை எல்லாமே அடுக்கின் முதல் எட்டு இடங்களுக்கு வைத்த பெயர்கள். இதுவும் நான் படித்திருந்ததுதான்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மிஷின் ஒரு சுற்று சுற்ற 2.4 விநாடி. 12 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 8051-க்கு அதற்குள் 24 லட்சம் அடி. இரண்டு பல்ஸுக்கு நடுவே அது பார்த்தது 0-தான், 0-தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருக்கும். "பல்ஸ் இருந்தால் ஒன்று கூட்டு" என்று அவசரமாக எழுதிவிட்டால் இன்னும் வேடிக்கை. சென்சாருக்கு முன் இரும்பு பத்தில் ஒரு பங்கு விநாடி நின்றாலும், ஐந்து மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை சுற்றி வரும் நிரல் அதை இருபதாயிரம் பல்ஸாக எண்ணிவிடும், ரோல் கண்ணிமைக்கும் முன் முடிந்துபோகும். பல்ஸ் வந்ததும் எண்ணாமல், வந்து போனதும் எண்ண வேண்டும். இதை அதிர்ஷ்டவசமாக நான் முதலிலேயே சரியாக எழுதியிருந்தேன்.

தப்பு செய்த இடம் வேறு. பழைய நிரலின் தலையில் இரண்டு வரிகள் இருந்தன. ஆர்6-இல் 0 போடு, ஆர்7-இல் 0 போடு. சிமுலேட்டரில் ஒவ்வொரு ஸ்டெப்பாகப் பார்த்துப் பழகியதில், ரீசெட் அடித்ததும் எல்லாப் பெட்டியும் 0-விலேயே தொடங்குவதைக் கண்டேன். 0-ஐ எடுத்து 0-இல் போடுவது எதற்கு என்று அந்த இரண்டு வரிகளையும் நீக்கினேன். ஓட்டினேன். ஒரு குறையுமில்லை. சுத்தமான நிரல் என்று ஒரு கர்வம்கூட வந்தது.

மூன்றாம் நாள் மாட்டினோம். எட்டு தாண்டியது, ஒன்பது தாண்டியது. ஃபிட்டர் தலையாட்டிவிட்டு வேறு மிஷினுக்குப் போனார். நான் டீக்கடைக்கு. திரும்பி வந்து மணி பார்த்தால் 72 நிமிடம் எப்போதோ கடந்திருந்தது. ரோல் பருத்துப் போய்ச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆபரேட்டர் பெரிய சிவப்புப் பட்டனைத் தட்டி நிறுத்தினார்.

சிமுலேட்டரின் மெமரி 0-வில் விழிக்கும். நிஜச் சிப்பின் மெமரி கரண்ட் வந்ததும் எந்த எண்ணோடு விழிக்கும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. ஆர்6, ஆர்7 இரண்டும் மெமரிக் கட்டங்கள்தான் என்று முந்தின இரவு நானே பார்த்தேன், பார்த்ததைச் சேர்த்து யோசிக்கவில்லை. ஆர்7-இல் ஏழைவிடப் பெரிய எண் ஏதோ உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து எண்ணத் தொடங்கினால், 65536-ஐத் தொட்டு உருண்டு வரும்வரை மிஷின் நிற்காது. திருப்பூர் ஷெட்டுக்குள் இருக்கிற வேறு பலவும் சிமுலேட்டருக்குத் தெரியாது. பஞ்சுத் தூசி தெரியாது. பக்கத்து மோட்டாரின் இன்வெர்ட்டர் வயரில் கிளப்பும் இரைச்சல் தெரியாது. ரிலேயின் தொடுமுனை ஒட்டும்போது நாலு தடவை குதித்துவிட்டு ஒட்டுவதும் நாமாகச் சொல்லிக் கொடுத்தால்தான் அதற்குத் தெரியும். அது கையேட்டில் எழுதிய சிப்பைக் காட்டுகிறது. மிஷினில் மாட்டியிருப்பது கடையில் வாங்கிய சிப்.

மூவ் ஆர்6, #0
மூவ் ஆர்7, #0

நான்கு பைட். ஓட இரண்டு மைக்ரோ விநாடி. அன்று சாயங்காலமே ஏற்றிக்கொண்டு வந்து மாட்டினேன். நைட் ஷிப்ட் ஆள் சுவிட்சைப் போட்டதும் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்தேன். 72-ஆவது நிமிடம் ரிலே "டக்" என்றது. சிலிண்டர் மெதுவாக ஒரு கால் சுற்று ஓடி நின்றது.

மதியம் பருத்துப்போன ரோலைத் தராசில் ஏற்றியிருந்தார்கள். 22 கிலோ 400 கிராம். ஃபிட்டர் மார்க்கரால் அதன்மேல் எடையை எழுதி, பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, தனியாகச் சுவரோரம் நிறுத்தினார். "டையிங்குக்கு அனுப்பறப்ப கேப்பாங்க, இது மட்டும் ஏன் இவ்வளவுன்னு. அப்ப உங்களத்தான் கூப்புடுவனுங்" என்றார்.